மாத்திரை தொடங்குவதற்கு முன் மூன்று மாதம்

ஆனித் தேரோட்டம் முடிந்த அடுத்த வாரம், எங்கள் பள்ளியில் ஆசிரியர்களுக்காக நடந்த ஒரு மருத்துவ முகாமில், என் இரத்த அழுத்தம் 156/98 என்று ஒரு சிறு சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அதன் கீழே ‘மாத்திரை தேவை’ என்றும் ஒரு வரி இருந்தது. எனக்கு வயது 51. சர்க்கரை கிடையாது; தலைவலியோ மயக்கமோ ஒருநாளும் வந்ததில்லை. இரண்டாம் மாடியில் எட்டாம் வகுப்புக்குப் பாடம் முடித்து, படிகளில் வேகமாக இறங்கி வந்து, வரிசையில் நின்றபடி சக ஆசிரியையோடு பேசிக்கொண்டிருந்த என்னை உட்காரவைத்த கையோடு, ரவிக்கைக் கைக்கு மேலாகவே பட்டையைச் சுற்றிக் காற்றடித்துவிட்டார்கள். பார்த்தது ஒரே ஒரு முறைதான். அந்த ஓர் எண்ணை நம்பி, காலமெல்லாம் போட வேண்டியிருக்கும் என்று எல்லோரும் சொல்கிற ஒரு மாத்திரையைத் தொடங்குவதா என்ற கேள்வி அன்று மாலை வீடு வந்து சேரும்வரை என்னை விடவில்லை. வேண்டாம் என்று ஒதுக்கித் தள்ளவும் முடியவில்லை. அதற்குக் காரணம் என் அப்பா.

அப்பா பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். 55 வயதில் அவருக்கு இரத்தக் கொதிப்பு இருப்பதாகச் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். ஒழுங்காகப் போட்டுவந்தவர், ஓய்வு பெற்ற மூன்றாம் ஆண்டில், அடுத்தடுத்து மூன்று முறை பார்த்தபோதும் 130/80 என்றே வந்ததைக் கண்டு, “அதான் சரியாயிட்டுல்லா, இனி எதுக்கு மாத்திரை?” என்று நிறுத்திவிட்டார். அந்த 130 மாத்திரை கொண்டுவந்த 130 என்பது அவருக்குத் தோன்றவில்லை. அம்மா சொல்லிப் பார்த்தாள். நானும் சொன்னேன், ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. எட்டு மாதம் கழித்து ஒரு விடியற்காலையில், முகம் கழுவப் போனவரின் கையிலிருந்து செம்பு நழுவி விழுந்த சத்தம் கேட்டுத்தான் நாங்கள் எழுந்து ஓடினோம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறிப்போயிற்று. ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அதன் பிறகு நான்கு ஆண்டுகள் இருந்தார். என் பெயரைச் சொல்ல வாயெடுத்து, அதற்குப் பதில் ‘சாவி’ என்றோ ‘தண்ணி’ என்றோ வேறொரு சொல் வந்து விழும்போது அவர் கண்ணில் தெரிந்த திகைப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆக, ஒரு பக்கம் அவசரத்தில் அளந்த ஓர் எண்; மறு பக்கம் அந்தச் செம்பு விழுந்த சத்தம். இந்த இரண்டில் எதுவும் தனியாக முடிவெடுக்கப் போதாது என்பதை எனக்குப் புரியவைத்தவர் முருகன்குறிச்சியில் எங்கள் குடும்பத்துக்கு வழக்கமாக மருத்துவம் பார்க்கும் டாக்டரம்மா. சீட்டைப் பார்த்துவிட்டு, “டீச்சர், இதத் தூரப் போடவும் வேண்டாம், அப்படியே நம்பவும் வேண்டாம். ஒரு வாரம் வீட்டுல பார்த்து எழுதிட்டு வாங்க” என்றார். அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்த அளக்கும் முறையை இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஏனெனில் என் தெருவில் மட்டும் நான்கு வீடுகளில் இந்தக் கருவி இருக்கிறது, நான்கு வீட்டிலும் தவறாகத்தான் அளக்கிறார்கள்.

அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, நடை, புகை எதுவும் கூடாது. சிறுநீர் முட்டிக்கொண்டிருக்கக் கூடாது. முதுகு சாய்ந்து, கால்கள் இரண்டும் தரையில் படிய, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கை மேசைமேல், பட்டை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டால் எண் கூடிவிடும். பேசக் கூடாது, பக்கத்தில் தொலைக்காட்சியும் ஓடக் கூடாது. பட்டை வெறும் தோலின்மேல்தான் படிய வேண்டும். நம் பெண்கள் இறுக்கமான ரவிக்கைக் கையை மேலே சுருட்டி விட்டுக்கொள்வார்கள். அந்தச் சுருள் கயிறு கட்டியதுபோல் மேற்கையை நெரித்து அளவையே மாற்றிவிடும். நான் தளர்ந்த இரவு உடையில்தான் அளக்கிறேன். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையில் காபிக்கு முன்பும், இரவு சாப்பாட்டுக்கு முன்பும், ஏழு நாள். முதல் நாள் எண்களைத் தள்ளிவிட்டு, மீதி ஆறு நாளின் 24 எண்களுக்குச் சராசரி எடுக்க வேண்டும். மணிக்கட்டில் கட்டும் கருவியைவிட மேற்கையில் கட்டுவதே நம்பத்தக்கது.

இவற்றோடு பட்டையின் அளவும் பார்க்க வேண்டும். கருவி வாங்கி இரண்டு நாள் ஆன பிறகு, பெட்டியில் இருந்த தாளைப் படித்தபோதுதான், கூடவே வந்த பட்டை 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைகளுக்கு என்று கண்டேன். தையல் நாடாவை எடுத்து என் மேற்கையை அளந்தேன், 34 இருந்தது. சிறிய பட்டையைப் பெரிய கையில் கட்டினால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். 42 செ.மீ. வரைக்குமான பட்டையைத் தனியாக வாங்கிக் கட்டிப் பார்த்தேன். அதே நாற்காலியில், அதே காலை நேரத்தில், முன்பு 150-ஐத் தொட்ட எண் 144-க்கு இறங்கியது. ஒரு துண்டுத் துணியின் நீளத்தில் இத்தனை வேறுபாடு இருக்குமானால், முகாமில் ரவிக்கைக்கு மேல் கட்டிய அந்தப் பட்டையை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்?

ஏழு நாள் முடிவில் சராசரி 143/91 வந்தது. வீட்டில் அளந்தால் 135/85, மருத்துவரிடம் அளந்தால் 140/90 என்பதே நம் நாட்டு மருத்துவர்கள் பொதுவாகக் கொள்ளும் எல்லை. மருத்துவரைக் கண்டதும் சிலருக்கு அழுத்தம் ஏறிவிடும் என்பதால்தான் வீட்டு எல்லையைக் கொஞ்சம் கீழே வைத்திருக்கிறார்கள். நான் எல்லையைத் தாண்டித்தான் இருந்தேன், ஆனால் வெகுதூரம் தாண்டவில்லை. இந்த ‘இலேசாகக் கூடுதல்’ என்ற இடம் மிகவும் சங்கடமான இடம். 180-ஐத் தொட்டவருக்குக் கேள்வியே இல்லை, மாத்திரைதான். 120-இல் இருப்பவருக்கும் கேள்வி இல்லை. 140-க்கும் 159-க்கும் இடையில் நிற்பவர்களிடம்தான் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்கிறார்கள்.

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள், “வயசோட நூத்தக் கூட்டிக்கோ, அதுதான் உனக்குச் சரியான பிரஷர்” என்பார்கள். அந்தக் கணக்குப்படி 151 வரை எனக்குக் கவலையே இல்லை. இந்தக் கணக்கு நம் ஊர்த் திண்ணையில் பிறந்ததன்று. ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படித்தான் நம்பினார்கள். வயதாக ஆக இரத்தக் குழாய்கள் கெட்டிப்படும், அதில் இரத்தத்தைத் தள்ள உடலுக்கு அந்தக் கூடுதல் அழுத்தம் தேவை என்று எண்ணினார்கள். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டுக்கு 1944-இல் 186/108 இருந்தது. அவருடைய மருத்துவர்களிடம் கொடுக்கத்தக்க நல்ல மருந்து அன்று இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு இறந்துபோனார். 1948-இல் அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் ஆயிரக்கணக்கானோரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்க்கத் தொடங்கிய பிறகுதான், அழுத்தம் கூடக் கூடப் பக்கவாதமும் மாரடைப்பும் கூடுகின்றன என்பதும், வயதானவர்களுக்கு அதில் விலக்கு இல்லை என்பதும் ஐயமற நிலைபெற்றன. ஆகவே வயதோடு நூறைக் கூட்டும் கணக்கை இனி யாரும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

கூடினால் கேடு என்பது ஒன்று; இலேசாகக் கூடியிருப்பவருக்கு மாத்திரை கொடுத்தால் நன்மை உண்டா என்பது வேறொன்று. இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் நான் பல இரவுகளைச் செலவிட்டேன். 140 முதல் 159 வரை இருந்த, அதற்கு முன் இதய நோய் ஏதும் இல்லாத 8,912 பேரிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்து 2012-இல் காக்ரேன் குழு வெளியிட்ட ஆய்வில், நான்கைந்து ஆண்டு மாத்திரை போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இறப்பிலோ பக்கவாதத்திலோ உறுதியாகச் சொல்லும்படியான வேறுபாடு தெரியவில்லை. நூற்றில் ஒன்பது பேர் பக்கவிளைவால் மருந்தை விட்டிருந்தார்கள். இதைப் படித்த அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி நெடுநாள் நிலைக்கவில்லை. 2015-இல் ஸ்பிரிண்ட் என்ற ஆய்வு, இதய நோய் அபாயம் மிகுந்த 9,361 பேரிடம் மேல் எண்ணை 120-க்குக் கீழே கொண்டுவர முயன்று, அதனால் இறப்பும் இதயக் கோளாறுகளும் குறைவதாகக் காட்டியது. அடுத்த ஆண்டே ஹோப்-3 என்ற ஆய்வு, நடுத்தர அபாயம் உள்ளவர்களில் தொடக்கத்திலேயே ஏறத்தாழ 143-க்கு மேல் இருந்தவர்களுக்குத்தான் மாத்திரையால் பயன் கிடைத்ததென்றும், அதற்குக் கீழே இருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை என்றும் சொன்னது. 2017-இல் அமெரிக்கர்கள் எல்லையை 130/80 ஆக இறக்கினார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மாத்திரை தொடங்க 140/90 என்ற எல்லையைத்தான் வைத்துக்கொண்டது. இதய நோய், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் 130-இலேயே தொடங்கச் சொன்னது. அந்தச் சிறுநீரகம் என்ற சொல்லை அன்று நான் கண்ணால் பார்த்தேனே தவிர மனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை.

முரண்போலத் தோன்றும் இவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க ஒரு சிறு கணக்கு எனக்கு உதவியது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மேல் எண்ணில் 10 குறைந்தால் இதய, மூளைக் கோளாறுகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. ஐந்தில் ஒரு பங்கு என்பது பெரிதாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் எதில் ஐந்தில் ஒரு பங்கு? அடுத்த பத்தாண்டில் பக்கவாதமோ மாரடைப்போ வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து என்றிருப்பவருக்கு அது நான்காகிறது. அதாவது அத்தகைய நூறு பேர் பத்தாண்டு மாத்திரை போட்டால் ஒருவர் தப்புகிறார், மற்ற 99 பேருக்கும் மாத்திரையால் எதுவும் மாறுவதில்லை. வாய்ப்பு நூற்றுக்கு முப்பது என்றிருப்பவருக்கு அது 24 ஆகிறது; நூறு பேரில் ஆறு பேர் தப்புகிறார்கள். ஒரே மாத்திரை, ஒரே 143. ஆனால் அவரவர் கையில் வந்து சேரும் பயன் வெவ்வேறு. எனவே ‘143-க்கு மாத்திரை வேண்டுமா’ என்று கேட்பதில் பொருளில்லை. ‘143 இருக்கும் இந்த உடம்புக்கு வேறு என்னவெல்லாம் இருக்கிறது’ என்றுதான் கேட்க வேண்டும். இதைச் சொல்லத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

டாக்டரம்மாவும் அதைத்தான் தேடினார். வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம், ஈசிஜி, சிறுநீரகம் பழுதானால் சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற புரதம் ஆகியவற்றைப் பார்க்கச் சொன்னார். குறட்டை உண்டா, மூட்டு வலிக்கு அடிக்கடி மாத்திரை போடுவது உண்டா என்று கேட்டார். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் அழுத்தத்தைக் கூட்டும். எல்லாம் நல்லபடியாகவே வந்தன, இரண்டைத் தவிர. பொட்டாசியம் வழக்கமான அளவின் கீழ் விளிம்பில், 3.5-இல் இருந்தது. சிறுநீரில் அல்புமின் 30-க்குள் இருக்க வேண்டியது 62 இருந்தது. “ஒரு தடவை பார்த்து முடிவு சொல்ல முடியாது. காய்ச்சல், நீர்க்கடுப்பு இருந்தாலும் இது கூடும். மூணு மாசத்துல இன்னும் ரெண்டு தடவை பார்ப்போம். அதுவரைக்கும் மாத்திரை இல்லாம என்ன செய்ய முடியுமோ செய்யுங்க. ஆனா மூணு மாசந்தான்” என்றார். அந்த ‘மூணு மாசந்தான்’ என்பதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதும் ஒரு முடிவுதான். நாம் எடுத்தோம் என்று நமக்கே தெரியாத முடிவு அது.

பொட்டாசியம் ஏன் குறைந்தது என்பதற்கான விடை என் கைப்பையிலேயே இருந்தது. ஒரு நாளைக்கு ஐந்து வகுப்பு, ஐம்பது பிள்ளைகளுக்குக் கேட்கும்படி பேசுகிற தொண்டை. மூன்று ஆண்டுகளாக அதிமதுரத் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு சாற்றை விழுங்குவது எனக்குப் பழக்கம். “வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?” என்று டாக்டரம்மா கேட்டபோது “இல்லை” என்றே சொன்னேன், வேரை மருந்து என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு நாள் அவர் முன்னிலையில் இருமல் வந்து, பையிலிருந்து துண்டை எடுத்தபோதுதான் அவர் கண்ணில் பட்டது. அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசின் என்ற பொருள், சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றச் செய்கிறது; நாள்தோறும் எடுத்தால் அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். நான் நாட்டு மருந்துக்கு எதிரியல்ல. சர்ப்பகந்தி வேர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதைப் பம்பாயில் ருஸ்தம் ஜால் வக்கீல் என்ற மருத்துவர் 1949-இல் எழுதி உலகத்துக்கு அறிவித்த பிறகுதான் ரிசர்பின் என்ற மருந்து பிறந்தது. ஒரு வேர் அழுத்தத்தைக் குறைக்கும் என்றால் இன்னொரு வேர் கூட்டவும் கூடும். வேரோ மாத்திரையோ, உள்ளே போவது எதுவானாலும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஆசிரியர்களும் பாடகர்களும் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதிமதுரத்தை அன்றே விட்டேன். வெதுவெதுப்பான தண்ணீர் போதுமாக இருக்கிறது. அதற்கடுத்து உப்பு.

எங்கள் வீட்டில் எவ்வளவு உப்புச் செலவாகிறது என்று யாரிடம் கேட்டாலும் “அளவாத்தான் போடுதோம்” என்பார்கள். அளந்து பார்க்க ஓர் எளிய வழியைக் கண்டேன். புதிய ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைப் பிரித்த அன்று அதன்மேல் பேனாவால் தேதியை எழுதிவைத்தேன். வீட்டில் நாங்கள் நான்கு பேர்: நான், என் கணவர், மகன், அத்தை. பொட்டலம் 27-ஆம் நாள் தீர்ந்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு 9 கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். பொட்டலத்தில் உள்ளதெல்லாம் வயிற்றுக்குள் போவதில்லை, உண்மைதான். ஆனால் சித்திரையில் அத்தை மொட்டை மாடியில் காயவைத்து எடுத்த மோர் மிளகாயும், மிதுக்கு வத்தலும், கூழ் வத்தலும், நார்த்தங்காய் ஊறுகாயும், தூத்துக்குடியிலிருந்து வரும் கருவாடும் இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

பழைய சோற்றுக்கு மோர் மிளகாயை விடுவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. அதற்குப் பதில் சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளப் பழகினேன். சொதியில் உப்பைப் பாதியாக்கியபோது முதல் வாரம் மகன் முகம் சுளித்தான். எலுமிச்சையைக் கொஞ்சம் கூட்டி, இஞ்சித் துவையலில் காரத்தை ஏற்றியதும் மறந்துவிட்டான். சாப்பாட்டு மேசையிலிருந்து உப்புக் கிண்ணத்தை எடுத்துவிட்டேன். தயிர்ச் சோற்றில் உப்பே போடுவதில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து, வெளியே சாப்பிடும்போதெல்லாம் உப்புக் கரிப்பதாக என் கணவரே சொல்லத் தொடங்கினார். நாக்கு மாறிவிடுகிறது என்பது உண்மை. அடுத்த பொட்டலம் 44 நாள் வந்தது. பொட்டாசியம் கலந்த குறை சோடியம் உப்பைப் பற்றியும் யோசித்தேன். சீனாவில் 600 கிராமங்களில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில் அந்த உப்பால் பக்கவாதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் சிலவகை அழுத்த மாத்திரை போடுகிறவர்களுக்கும் பொட்டாசியம் அளவுக்கு மீறி ஏறிவிடக்கூடும் என்பதாலும், அத்தையின் சிறுநீரகம் சற்றுப் பலவீனமானது என்பதாலும் அதை வாங்கவில்லை.

மற்றவற்றை விரைந்து சொல்லிவிடுகிறேன். காலை ஐந்தரை மணிக்கு வ.உ.சி. மைதானத்தில் நாற்பது நிமிட நடை, வாரம் ஐந்து நாள். எடையில் மூன்று கிலோ குறைந்தது. இரவு பதினோரு மணிக்குமேல் விடைத்தாள் திருத்துவதை நிறுத்தினேன்.

புரட்டாசிக் கடைசியில் மறுபடி ஏழு நாள் அளந்தேன். சராசரி 134/86. ஒன்பது புள்ளிகள் குறைந்திருந்தன. பொட்டாசியம் 4.2-க்கு ஏறியிருந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. மாத்திரை இல்லாமலே தப்பித்துவிட்டேன் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் சிறுநீரில் அல்புமின் இரண்டாம் முறை 54, மூன்றாம் முறை 58 என்று வந்தது. மூன்று மாதத்தில் மூன்று முறையும் 30-க்கு மேல். சர்க்கரை இல்லை, நீர்க்கடுப்பு இல்லை, ஸ்கேனிலும் குறை ஒன்றும் இல்லை. எத்தனை ஆண்டுகளாகவோ எனக்கே தெரியாமல் இருந்துவந்த அழுத்தம் சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளைக் கொஞ்சம் இளக்கிவிட்டது என்பதற்கான அடையாளமாக அதை டாக்டரம்மா எடுத்துக்கொண்டார். வெறும் 134/86 மட்டும் என்றால், இன்னும் ஆறு மாதம் இப்படியே தொடரலாம் என்று சொல்லியிருப்பாராம். அல்புமினும், 61 வயதில் பக்கவாதம் கண்ட அப்பாவும் சேர்ந்ததால் மாத்திரை தொடங்குவதுதான் நல்லது என்றார். வழிகாட்டுதலில் நான் வாசித்துக் கடந்துபோன சிறுநீரகம் என்ற சொல் அன்றுதான் எனக்கு உறைத்தது.

அப்போதும் நான் உடனே சரி என்று சொல்லவில்லை. இரண்டு நாள் கேட்டேன். பள்ளியில் ஒரு மூத்த ஆசிரியை, “ஒரு மட்டம் ஆரம்பிச்சா அப்புறம் விடவே முடியாது டீச்சர், உடம்பு அதுக்கு அடிமையாயிரும்” என்றார். இந்த அச்சம் நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. என் அப்பாவைக் கொன்றதும் இதன் ஒரு கிளைதான். நான் விசாரித்துத் தெரிந்துகொண்டது இதுதான்: எனக்குச் சொல்லப்பட்ட மாத்திரைக்கு உடம்பு அடிமையாவதில்லை. நிறுத்தினால் அழுத்தம் பழைய இடத்துக்குத் திரும்பும், அவ்வளவே. எடை நன்றாகக் குறைந்து அழுத்தமும் இறங்கினால் மருத்துவரே அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ செய்வார். ஆனால் அட்டெனலால், குளோனிடின் போன்ற சிலவற்றைத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து உண்டு. ஆகவே எதுவாயினும் தானாக நிறுத்தக் கூடாது.

எந்த மாத்திரை என்பதிலும் என் வேலையை மனத்தில் வைத்து அவர் யோசித்தது எனக்குப் பிடித்திருந்தது. அம்லோடிபின் நல்ல மருந்து. சிலருக்குக் கணுக்கால் வீங்கும், நாள் முழுதும் நின்று பாடம் நடத்துகிறவளுக்கு அது தொல்லை. நீர் போகும் மாத்திரை போட்டால் இடைவேளை மணிவரை காத்திருக்க முடியாது. எனலாபிரில் சிலருக்கு வறட்டிருமலைக் கொண்டுவரும். என் தொண்டைக்கு அது ஆகாது. டெல்மிசார்டான் அல்புமின் கசிவையும் குறைக்கும் வகையைச் சேர்ந்தது, இருமலும் அரிது. அதில் 40 மி.கி. தொடங்கினோம். இரண்டு வாரத்தில் கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் மறுபடி பார்க்க வேண்டும். வாந்தி பேதி வந்து உடலில் நீர் வற்றும் நாளில் போடுவதற்கு முன் அவரைக் கேட்க வேண்டும். வலி மாத்திரையைத் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். எனக்கு மாதவிலக்கு நின்று இரண்டு ஆண்டாகிறது. கருவுறும் வாய்ப்புள்ள இளம் பெண்கள் இந்த மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் பேச வேண்டும். வயிற்றில் உள்ள பிள்ளையை அது பாதிக்கும்.

செலவு ஒரு தடையாக இல்லை. பொதுப்பெயரில் வாங்கினால் விலை குறைவு. சேரன்மகாதேவிப் பக்கம் கிராமத்தில் இருக்கும் என் சித்திக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

காலையா இரவா என்றும் கேட்டேன். 21,104 பேரிடம் நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை, மறக்காத நேரமே நல்ல நேரம் என்றார். நான் காலையைத் தேர்ந்துகொண்டேன். அத்தை இருபது ஆண்டாக அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவர், 76 வயது. முதல் நாள் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நான் நெடுநேரம் நின்றதைப் பார்த்துவிட்டு, “இதுல என்னம்மா யோசனை? காலம்பற காபி குடிக்கியா இல்லியா, அதுமாதிரி இதுவும் ஒண்ணு” என்று தன் டப்பாவைத் திறந்து, தன் மாத்திரையையும் எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

இன்றோடு ஆறு வாரம். இரண்டாம் வாரத்தில் பார்த்த கிரியாட்டினினும் பொட்டாசியமும் மாறாமல் இருந்தன. முதல் வாரம் எழுந்து நிற்கும்போது இரண்டு முறை இலேசாகத் தலை சுற்றியது; மெதுவாக எழப் பழகியதும் நின்றுவிட்டது. அளந்து எழுதும் நோட்டில் இந்த வாரச் சராசரி 124/79. உப்புப் பொட்டலத்தின்மேல் தேதி எழுதுவதையும் நான் விடவில்லை. அடுத்த அல்புமின் பரிசோதனை தை பிறந்ததும்.